ஹெலிகாப்டர், விமானச் சத்தத்தைக் கணித்துக் குறைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்கலாம். தரையில் நிற்பவர் காதுக்கு ஒரு ஹெலிகாப்டரிலிருந்து மூன்று சத்தங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: மேலே சுற்றும் பெரிய மெயின் ரோட்டரிலிருந்து 80 டெசிபெல், வாலில் சுற்றும் சின்ன டெயில் ரோட்டரிலிருந்து 74, என்ஜினிலிருந்து 70. டெசிபெலை அப்படியே கூட்டக்கூடாது. ஆற்றலாக மாற்றிக் கூட்டினால் மொத்தம் 81.3 வரும். இப்போது பல மாதம் பாடுபட்டு என்ஜின் சத்தத்தை அடியோடு ஒழித்துவிடுகிறீர்கள். மொத்தம் எவ்வளவு? 81.0. அந்த 0.3 டெசிபெலை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. அதற்குப் பதில் மெயின் ரோட்டரை 6 டெசிபெல் மட்டும் குறைத்திருந்தால் மொத்தம் 77.8-க்கு இறங்கியிருக்கும்.

இந்தத் துறையில் வீணாகும் உழைப்பில் பெரும்பகுதி இப்படித்தான் வீணாகிறது. ஓங்கி நிற்கும் சத்தம் எது என்று தெரியாமலே குறைக்கக் கிளம்பிவிடுகிறோம். அதை ஒரு தடவை கண்டுபிடித்து எழுதி வைத்துவிடலாம் என்றாலும் முடியாது. மேலெழும்போது ஒன்று ஓங்கும், வேகமாகப் பறக்கும்போது வேறொன்று, இறங்கும்போது இன்னொன்று. கீழே வரும் படிகளெல்லாம் அந்தக் கேள்வியை விடாமல் கேட்பதற்குத்தான். ஹெலிகாப்டருக்கு அதிக இடம் தந்திருக்கிறேன், அதுதான் சிக்கலான பிராணி. சாதாரண விமானம் எங்கே வேறுபடுகிறதோ அங்கே அதையும் சொல்கிறேன்.

படி 1: யாருடைய காது, எந்த அளவுகோல்?

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று பதில்களை எழுதுங்கள். கேட்பவர் எங்கே இருக்கிறார்? அப்போது ஹெலிகாப்டர் என்ன செய்துகொண்டிருக்கிறது? சத்தத்தை எந்த அளவுகோலில் சொல்லப்போகிறீர்கள்?

மூன்றாவது கேள்வியைப் பலரும் அலட்சியமாகக் கடந்துபோகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம், கட்டுரை முழுக்க இதையே பயன்படுத்தலாம்: இரண்டு பிளேடு, 5 மீட்டர் ஆரம், நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றும் மெயின் ரோட்டர். விநாடிக்கு 6.67 சுற்று, சுற்றுக்கு இரண்டு பிளேடு. ஆக, அதன் அடிப்படை அதிர்வெண் 13.3 ஹெர்ட்ஸ். வழக்கமான சத்தமானிகள் காதின் உணர்திறனைப் பின்பற்றி, தாழ்ந்த அதிர்வெண்களைக் கழித்துக் காட்டுபவை. இதை 'ஏ' எடையிடல் என்பார்கள். 12.5 ஹெர்ட்ஸ் பட்டையில் அந்தக் கழிவு 63 டெசிபெலுக்கும் மேல். அதாவது மீட்டரைப் பொறுத்தவரை அந்த ஒலி இல்லவே இல்லை. ஆனால் வீட்டு ஜன்னல் கடகடவென்று ஆடுவது என்னவோ உண்மை. புகார் சொல்பவர் 'அதிருது' என்கிறார், அறிக்கை 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்கிறது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

விமானங்களுக்கான சத்தச் சான்றிதழ் வேறோர் அளவுகோலில் நடக்கிறது. ஐகாவோ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் 16-வது இணைப்பு 'இபிஎன்டிபி' என்ற அலகைப் பயன்படுத்துகிறது. ஒலி எவ்வளவு நேரம் நீடித்தது, அதில் கீச்சென்று துருத்தி நிற்கும் தனிச்சுருதி ஏதாவது இருந்ததா என்பதெல்லாம் இதில் சேரும். தனிச்சுருதிக்கான அபராதம் மட்டுமே 6.67 டெசிபெல் வரை போகலாம். ஜெட் விமானத்தை மூன்று இடங்களில் அளப்பார்கள்: ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில் 450 மீட்டரில், ஓட்டம் தொடங்கிய இடத்திலிருந்து 6,500 மீட்டரில், இறங்கும்போது ஓடுதள முனைக்கு 2,000 மீட்டர் முன்னால். ஹெலிகாப்டருக்கு மேலேற்றம், 150 மீட்டர் உயரத்தில் நேர்ப்பறப்பு, 6 பாகைச் சரிவில் இறக்கம் என்று மூன்று நிலைகள். மைக்குகள் நடுக்கோட்டில் ஒன்று, இருபுறமும் 150 மீட்டரில் ஒவ்வொன்று. அந்த 6 பாகையை நினைவில் வையுங்கள், அது திரும்ப வரும்.

படி 2: சத்தத்தைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள்

ரோட்டர் சத்தம் ஒரே சத்தமல்ல. முதலாவது தடிமன் சத்தம். பிளேடுக்கு ஒரு கனம் இருக்கிறது, அது காற்றை விலக்கிக்கொண்டே போகிறது. அந்த விலக்கல்தான் ஒலி. ரோட்டர் சுழலும் தளத்திலேயே, முன்பக்கமாக, அதிகம் பரவும். தொலைவில் வரும் ஹெலிகாப்டரை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது சுமைச் சத்தம். பிளேடு தூக்கும் விசை காற்றின் மேல் திருப்பி அழுத்துகிறது, அந்த அழுத்தம் பிளேடோடு சேர்ந்து சுற்றுகிறது. சீரான விசையாக இருந்தாலும் திசை மாறிக்கொண்டே இருப்பதால் ஒலி பிறக்கிறது. சுழலிகளுக்கு இதைக் கணக்காக எழுதியவர் ரஷ்யரான குட்டின், 1936-இல்.

மூன்றாவதுதான் ஹெலிகாப்டரின் முத்திரை: 'டப் டப் டப்'. ஒவ்வொரு பிளேடின் நுனியும் தன் பின்னால் ஒரு சுழலை விட்டுச் செல்கிறது. நேராகப் பறக்கும்போது அந்தச் சுழல்கள் ரோட்டருக்குக் கீழே ஒதுங்கிவிடும். செங்குத்தாக இறங்கினால் மேலே போய்விடும். மிதமான சரிவில் இறங்கினால் மட்டும் ரோட்டர் தன் கழிகாற்றுக்குள்ளேயே, அதாவது தானே கலக்கிவிட்ட காற்றுக்குள்ளேயே, மாட்டிக்கொள்ளும். முன்னே போன பிளேடு விட்ட சுழலைப் பின்னே வரும் பிளேடு வெட்டுகிறது, சட்டென்று விசை ஏறி இறங்குகிறது, அதுவே வெடிப்பொலி. இதைப் பிளேடு–சுழல் மோதல் என்கிறோம். இது முன்னும் கீழுமாகப் பரவும், நேரே குடியிருப்புகளை நோக்கி. பல ஹெலிகாப்டர்களில் இது உச்சம் தொடுவது ஏறத்தாழ 6 பாகைச் சரிவில். அந்த எண் வந்துவிட்டதா?

நான்காவது வேகத்தால் வருவது. முன்னோக்கி வீசும் பிளேடின் நுனி ஒலிவேகத்தை நெருங்கும்போது அதிர்ச்சி அலைகள் உருவாகி வெளியே பரவத் தொடங்கும். வியட்நாம் போரில் பறந்த யூஎச்-1 ஹியூயி ஹெலிகாப்டரின் அகலமான இரண்டு பிளேடுகளும் வேகமான நுனியும் இதற்குப் பேர்போனவை.

இவற்றோடு பிளேடு விளிம்பில் கொந்தளிப்பு உரசுவதால் வரும் 'ஸ்ஸ்' என்ற அகலப்பட்டை இரைச்சல், டெயில் ரோட்டரின் ரீங்காரம், என்ஜின், கியர்பாக்ஸ். டெயில் ரோட்டரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அது பலமடங்கு வேகமாகச் சுற்றுவதால் அதன் ஒலி காது நன்றாகக் கேட்கும் பகுதிக்குள் வந்துவிடுகிறது.

ஜெட் விமானத்தின் பட்டியல் வேறு: என்ஜினின் பின்னால் பாயும் பீச்சுக் காற்று, முன்னாலிருக்கும் விசிறி, பிறகு உடலே எழுப்பும் சத்தம். ஓடி மேலெழும்போது முதல் இரண்டும் ஓங்கும். இறங்கும்போது என்ஜின் தணிந்து, லேண்டிங் கியரும் (சக்கரங்களும் அவற்றின் கால்களும்) சிறகின் பின்விளிம்பில் விரியும் ஃபிளாப்பும் முன்விளிம்பில் விரியும் ஸ்லாட்டும் காற்றைக் கிழிக்கும் சத்தம் மேலே வரும்.

படி 3: முதலில் கைக்கணக்கு

நம் ரோட்டரின் நுனிவேகம் விநாடிக்கு 209 மீட்டர். ஒலிவேகம் 340 என்றால், இரண்டின் விகிதமான மாக் எண் 0.62. இப்போது 110 நாட் வேகத்தில், அதாவது விநாடிக்கு 57 மீட்டரில் பறக்கிறது. முன்னோக்கி வீசும் பக்கம் இரண்டும் சேர்ந்து 266, மாக் 0.78. வேகத்தை 130 நாட் ஆக்கினால் 0.81. அதே 130 நாட்டை மைனஸ் 20 டிகிரிக் குளிரில் பறந்தால் ஒலிவேகம் 319-ஆகக் குறைந்து மாக் 0.87 ஆகிவிடும். விமானி எதையும் மாற்றவில்லை, குளிர் மட்டுமே மாற்றியது.

இந்தச் சில புள்ளிகள் ஏன் முக்கியம்? உங்களை நோக்கி நகரும் மூலத்தின் ஒலி பெருகுகிறது. தடிமன், சுமைக் கணக்குகளில் 1-இலிருந்து மாக் எண்ணைக் கழித்து, அதன் மும்மடியால் வகுக்கும் உறுப்புகள் இருக்கின்றன. மாக் 0.7-க்கு அந்தப் பெருக்கம் 37, 0.8-க்கு 125. இது மட்டுமே 10 டெசிபெலுக்கு மேல். 0.9-ஐ நெருங்கினால் நேர்க்கணக்கே பொய்த்துப்போய் அதிர்ச்சி அலையின் ராஜ்ஜியம் தொடங்கிவிடும்.

ஜெட்டுக்கான கைக்கணக்கைத் தந்தவர் ஜேம்ஸ் லைட்ஹில். 1952-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் காற்றொலியியல் என்ற துறையே கிளைத்தது. பீச்சுக் காற்றின் சத்தம் வேகத்தின் எட்டாம் மடியைப் பின்பற்றும் என்பது அவருடைய முடிவு. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் 7.8 டெசிபெல் குறையும். ஆனால் உந்துவிசை குறையக்கூடாதே, அதனால் காற்றுவாயை 1.56 மடங்கு பெரிதாக்க வேண்டும். அதில் 1.9 திரும்ப ஏறும், நிகர லாபம் 5.8. பழைய ஒல்லி என்ஜின்கள் போய் இன்றைய தொந்தி என்ஜின்கள் வந்ததற்கு எரிபொருள் ஒரு காரணம், இந்தக் கணக்கு இன்னொன்று.

கைக்கணக்கு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. பின்னால் கணினி தரும் விடை பத்து டெசிபெல் தள்ளிப்போனால் உங்கள் மூக்கு வேர்க்க வேண்டும், அதற்குத்தான் இது.

படி 4: பிளேடின் மேல் இருக்கும் விசையைக் கண்டுபிடியுங்கள்

கடினமான வேலை ஒலியில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. ஒலிச் சமன்பாடு நேர்மையானது, என்ன விசையைக் கொடுக்கிறீர்களோ அதற்கேற்ற ஒலியைத் தரும். தப்பான விசையைக் கொடுத்தால் தப்பான ஒலியை மிகத் துல்லியமாகத் தரும்.

ரோட்டர் பறப்பின் செயல்திறனைக் கணிக்க விசையின் சராசரி போதும். சத்தத்துக்குப் போதாது, ஏனென்றால் காதுக்கு வருவது விசை மாறும் வேகம். பிளேடு–சுழல் மோதலை ஆராய்பவர்கள் வழக்கமாக அடிப்படை அதிர்வெண்ணின் 6-வது மடங்கிலிருந்து 40-வது மடங்கு வரை பார்ப்பார்கள். நம் ரோட்டருக்கு அது 80 முதல் 533 ஹெர்ட்ஸ். (படி 1-இல் மீட்டரின் கண்ணிலேயே படாமல் போன ரோட்டர் இப்போது எங்கே வந்துவிட்டது பாருங்கள். 500 ஹெர்ட்ஸில் கழிவு வெறும் 3 டெசிபெல்.) ஒரு சுற்றுக்குள் 80 அலைகள் என்றால் ஓர் அலைக்கு 4.5 பாகை. ரோட்டர் கணக்குகளில் 10 பாகைக்கு ஒருமுறை விசையைக் கணிப்பது சகஜம். அதை அப்படியே ஒலிக்கணக்குக்குக் கொடுத்தால் நீங்கள் தேடும் வெடிப்பு அதில் இருக்கவே இருக்காது. அலைக்குப் பத்துப் புள்ளி வேண்டுமென்றால் அரைப் பாகைக்கு ஒரு கணக்கு தேவை.

அப்புறம் சுழலின் இடம். மோதலின் வலிமை மூன்றைப் பொறுத்தது: சுழலின் பலம், அதன் மையத்தின் பருமன், பிளேடுக்கும் சுழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. இடைவெளி கொஞ்சம் தவறினாலும் ஒலி பல டெசிபெல் மாறும். அதனால் கழிகாற்றை முன்கூட்டி வரைந்துவைத்த வடிவமாக வைக்காமல், தானாக வளைந்து நகர விடும் 'சுதந்திரக் கழிகாற்று' முறை குறைந்தபட்சத் தேவை. காற்றை வலைக்கண்களாகப் பிரித்துத் தீர்க்கும் முழுக் கணினிப் பாய்மவியலில் இறங்கினால் வேறொரு தொல்லை வரும்: வலைக்கண்கள் போதுமான அளவு நெருக்கமாக இல்லையென்றால் சுழல் கணினிக்குள்ளேயே கரைந்துபோகும், சத்தமும் சேர்ந்து கரையும். விடை அமைதியாக இருக்கிறதென்று மகிழ்ந்துவிடாதீர்கள். பிளேடு வளைவதும் முறுக்குவதும் கணக்கில் இருக்க வேண்டும், நுனி சில சென்டிமீட்டர் மேலே போனாலே இடைவெளி மாறிவிடும்.

உங்கள் முறை தேறுமா என்று பார்க்கத் தயாராக ஒரு பரீட்சை இருக்கிறது. 2001-இல் ஜெர்மன்–டச்சுக் காற்றுச் சுரங்கத்தில் 'ஹார்ட்-2' என்ற சோதனை நடந்தது. ஜெர்மனியின் டிஎல்ஆர், பிரான்ஸின் ஓனேரா என்ற விண்வெளி–விமான ஆய்வு நிறுவனங்கள், அமெரிக்காவின் நாசா, அமெரிக்க ராணுவம் எல்லாம் கைகோத்தன. நான்கு பிளேடு கொண்ட பிஓ105 ஹெலிகாப்டர் ரோட்டரின் 40 சதவீத மாதிரி, விட்டம் 4 மீட்டர். பிளேடின் மேல் அழுத்தம், பிளேடு வளைவு, சுழல்களின் இடம், ரோட்டருக்குக் கீழே ஒலி எல்லாவற்றையும் ஒன்றாக அளந்தார்கள். ஒலி மட்டும் பொருந்தினால் அது தற்செயலாகவும் இருக்கலாம். சுழலின் இடமும் பொருந்தினால்தான் நம்பலாம்.

படி 5: விசையை ஒலியாக்குங்கள்

லைட்ஹிலின் கோட்பாடு திறந்தவெளிக் கொந்தளிப்புக்கானது. 1955-இல் கர்ல் அதில் நிலையான பரப்புகளைச் சேர்த்தார். 1969-இல் ஃபோக்ஸ் வில்லியம்ஸும் ஹாக்கிங்ஸும் நகரும் பரப்புகளுக்கு விரித்தார்கள். இன்றைக்கு ரோட்டர் ஒலிக்கணக்கு என்றாலே அந்தச் சமன்பாடுதான். நாசா லாங்லியில் இருந்த ஃபரஸ்ஸாத் அதைக் கணினிக்கு ஏற்றபடி தீர்த்துக் கொடுத்த வடிவம் 'ஃபார்முலேஷன் 1ஏ'. அதை வைத்து கென்னத் பிரென்ட்னர் 1980-களில் எழுதிய நிரலின் பெயர் 'வாப்வாப்', ஹெலிகாப்டர் எழுப்பும் ஒலியேதான். இந்தத் துறையில் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை.

கொடுக்க வேண்டியவை நான்கு: பிளேடின் வடிவம், அதன் அசைவு, அதன் மேல் அழுத்தம், கேட்பவரின் இடம். நுனி மாக் எண் 0.9-ஐ நெருங்கும் நிலையில் பிளேடின் பரப்பு மட்டும் போதாது. அதைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு கற்பனைப் பரப்பைப் போட்டு, உள்ளே நடக்கும் அதிர்ச்சி அலைகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

கணக்கின் நெஞ்சு 'தாமத நேரம்'. இந்தக் கணத்தில் நீங்கள் கேட்பது இந்தக் கணத்தில் பிறந்த ஒலி அல்ல. 1,500 மீட்டர் தள்ளியிருக்கும் விமானத்தின் ஒலி வந்துசேர 4.4 விநாடி ஆகும், அதற்குள் விநாடிக்கு 80 மீட்டர் போகும் விமானம் 350 மீட்டர் நகர்ந்திருக்கும். பிளேடின் ஒவ்வொரு துண்டுக்கும் தாமதம் வேறு. இதைத் தோராயமாகப் போட்டுவிட்டால் அலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதும் கூட்டிக்கொள்வதும் தப்பிப்போகும்.

நிரலைச் சொந்தமாக எழுதுகிறீர்கள் என்றால் முழு ரோட்டருக்குத் தாவாதீர்கள். முதலில் வட்டத்தில் சுற்றும் ஒற்றைப் புள்ளி ஒலிமூலம், அதற்குக் காகிதத்திலேயே விடை இருக்கிறது. பிறகு ஒரே இடத்தில் மிதக்கும் ரோட்டரின் தடிமன் சத்தம் மட்டும். அது ரோட்டர் தளத்தில், சமச்சீராக, எதிர்மறையாக இறங்கும் ஒரு துடிப்பாக வர வேண்டும். என் முதல் நிரலில் அது தலைகீழாக நின்றது. பரப்பின் செங்குத்துக் கோடு உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்ற ஒரேயொரு கழித்தல் குறிதான் பிரச்சினை. டெசிபெலாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டு வாரம் தெரியவே இல்லை. தடிமனும் சுமையும் சேரும்போதுதான் குட்டு உடைந்தது. அலைவடிவத்தை வரைந்து பாருங்கள், எப்போதும்.

அகலப்பட்டை இரைச்சலுக்கு இவ்வளவு அலங்காரம் வேண்டாம். புரூக்ஸ், போப், மார்கோலினி மூவரும் 1989-இல் நாசாவுக்காக வெளியிட்ட சோதனைவழிச் சூத்திரங்கள் இன்றும் புழங்குகின்றன. ஆனால் அவை 'என்ஏசிஏ 0012' என்ற ஒரே சிறகு வடிவத்தை அளந்து பிறந்தவை. உங்கள் பிளேடு அதிலிருந்து ரொம்ப விலகியிருந்தால் விடையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 6: காதுவரை கொண்டுபோங்கள்

தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். அதோடு காற்று ஒலியை உறிஞ்சுகிறது, உயர்ந்த அதிர்வெண்ணை அதிகமாக. 20 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதத்தில் 125 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டரில் இழப்பது 0.3 டெசிபெல், 4,000 ஹெர்ட்ஸ் ஒலி இழப்பது சுமார் 23. தூரத்து ஹெலிகாப்டர் வெறும் 'தும் தும்' ஆகத் தேய்வது இதனால்தான்.

காற்றடிக்கும் திசையில் ஒலி கீழே வளையும், எதிர்த்திசையில் மேலே வளைந்து தரையில் ஒரு நிழலை விடும். இரவில் தரையோரக் குளிர் ஒலியைத் தரையோடு அமுக்கி நெடுந்தூரம் கொண்டுபோகும்.

விமான நிலையத்தைச் சுற்றிச் சத்த வரைபடம் போடுபவர்கள் ஒவ்வொரு பறப்புக்கும் இத்தனையையும் கணக்கிடுவதில்லை. என்ஜின் விசை, தூரம், சத்தம் மூன்றையும் இணைக்கும் அட்டவணையை வைத்துக் கூட்டுகிறார்கள். ஹெலிகாப்டருக்கு அது பத்தாது, அதன் சத்தம் திசைக்குத் திசை அவ்வளவு மாறுகிறது. அதற்குக் கீழே ஓர் அரைக்கோளம் வரைந்து, ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு பறப்பு நிலைக்கும் ஒலியைப் பதிந்து வைத்துக்கொள்வார்கள்.

படி 7: அளந்து பாருங்கள்

தரைதான் இங்கே முதல் எதிரி. மைக்கை 1.2 மீட்டர் உயரத்தில் நிறுத்துகிறீர்கள், ஹெலிகாப்டர் தலைக்கு நேர் மேலே. நேராக வரும் அலையை விடத் தரையில் பட்டுத் திரும்பும் அலை 2.4 மீட்டர் அதிகம் நடக்கிறது. அலைநீளம் 4.8 மீட்டராக இருக்கும் ஒலிக்கு, அதாவது 71 ஹெர்ட்ஸுக்கு, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நம் ஹெலிகாப்டரின் டெயில் ரோட்டர் இரண்டு பிளேடோடு நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால் அதன் ஒலி 80 ஹெர்ட்ஸ். கெட்டியான தரையில் அதே ஒலியைத் தரையோடு ஒட்டிய மைக் சுமார் 14 டெசிபெல் கூடுதலாகக் காட்டும். 1.2 மீட்டர் மைக்கை மட்டும் பார்த்தவர் 'டெயில் ரோட்டர் சத்தமே இல்லை' என்று எழுதிவிடுவார். ஓங்கிய மூலத்தைத் தவறாகப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. சிறு விமானங்களுக்கான சான்றிதழ் முறையில், 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலோகத் தட்டின் மேல் மைக்கை 7 மில்லிமீட்டர் இடைவெளியில் கவிழ்த்து வைப்பது இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான்.

ஒரு பறப்பை அளந்து முடிவுக்கு வராதீர்கள். சான்றிதழுக்குக் குறைந்தது ஆறு சரியான பறப்புகள் கேட்கிறார்கள், காற்று 10 நாட்டுக்கு மேல் போகக்கூடாது.

தரையிலிருந்து அளந்தால் ஹெலிகாப்டர் நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஒரே திசையின் ஒலி சில கணம்தான் கிடைக்கும். 1970-களில் ஷ்மிட்ஸும் பாக்ஸ்வெல்லும் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். மோஹாக் என்ற விமானத்தில் மைக்கைக் கட்டி, அதை ஹியூயிக்கு முன்னால் அதே வேகத்தில் பறக்கவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே தூரமும் கோணமும் மாறாததால், நூற்றுக்கணக்கான சுற்றுகளின் அலைவடிவத்தைச் சராசரி எடுக்க முடிந்தது.

ஜெட் விமானங்களில் பலநூறு மைக்குகளைத் தரையில் பரப்பி, சத்தம் உடலின் எந்தப் புள்ளியிலிருந்து வருகிறது என்று படம் பிடிக்கிறார்கள். டிஎல்ஆரும் லுஃப்தான்சாவும் ஏ320 குடும்ப விமானங்களை இப்படி அளந்தபோது, இறங்கும் நேரத்தில் சிறகின் அடியிலிருந்து ஒரு விசில் கேட்டது. எரிபொருள் தொட்டிக்கான வட்டமான அழுத்தச் சமன் துளைகள், பாட்டில் வாயில் ஊதுவது போல ஒலித்துக்கொண்டிருந்தன. துளைக்கு முன்னால் ஒரு சின்னத் தகட்டை வைத்துக் காற்றைக் கலைத்தார்கள். 2014 முதல் லுஃப்தான்சா இதைப் பொருத்தத் தொடங்கியது. இறங்கும் பாதையின் சில பகுதிகளில் மொத்தச் சத்தமே 4 டெசிபெல் வரை குறைந்தது. என்ஜினைத் தொடவே இல்லை.

படி 8: வடிவத்தில் குறைப்பது

இப்போதுதான் குறைக்கலாம். ரோட்டருக்கு முதல் ஆயுதம் நுனிவேகம். 10 சதவீதம் குறைத்தால் அதே எடையைத் தூக்கப் பிளேடுப் பரப்பு 23 சதவீதம் கூட வேண்டும். அதே திறனைக் குறைந்த சுற்றில் கடத்த முறுக்குவிசை 11 சதவீதம் ஏறும், கியர்பாக்ஸ் கனமாகும். அமைதி சும்மா வருவதில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஹியூஸ் நிறுவனம் சிஐஏவுக்காகச் செய்த '500பி' ஹெலிகாப்டர் இந்தப் பாதையில் எட்டியவரை போனது: மெயின் ரோட்டருக்கு ஐந்து பிளேடு, டெயிலுக்கு நான்கு, குறைந்த சுற்றுவேகம். 1972-இல் வடவியட்நாமில் தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்த அதைத்தான் அனுப்பினார்கள்.

பிளேடு–சுழல் மோதலுக்கு நுனியின் வடிவம். சுழலும் பிளேடும் இணையாகச் சந்தித்தால் பிளேடின் நீளம் முழுவதும் ஒரே கணத்தில் மோதுகிறது, அதுதான் மோசம். ஏர்பஸ் எச்160 ஹெலிகாப்டரின் ஐந்து பிளேடுகளும் நுனியில் முன்னும் பின்னுமாக வளைந்திருப்பது அந்தச் சந்திப்பைச் சாய்க்கத்தான். ஓனேராவும் டிஎல்ஆரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்த வடிவம் அது. 3 டெசிபெல் குறைவு என்கிறார்கள், அதையே '50 சதவீதம்' என்றும் விளம்பரம் செய்கிறார்கள். ஒலியாற்றல் பாதியாகிறது, உண்மை. காதுக்குப் பாதியாகத் தோன்ற சுமார் 10 டெசிபெல் குறைய வேண்டும்.

பிளேடின் கோணத்தை ஒரு சுற்றுக்குள்ளேயே பலமுறை அசைத்து, சுழலைத் தள்ளிப்போடும் வழியும் உண்டு. ஹார்ட் சோதனைகளில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சத்தம் குறைவாக இருக்கும் அசைவு ஒன்று, அதிர்வு குறைவாக இருக்கும் அசைவு வேறொன்று. இரண்டும் ஒருசேர அகப்படவில்லை.

டெயில் ரோட்டருக்கு மூன்று பாதைகள். கெஸல் ஹெலிகாப்டரில் அறிமுகமான ஃபெனஸ்ட்ரான், விசிறியை ஒரு வளையத்துக்குள் வைக்கிறது. ஈசி135-இல் அதன் பத்துப் பிளேடுகளையும் வேண்டுமென்றே சமமில்லாத இடைவெளியில் வைத்தார்கள், ஒரே சுருதியில் கீச்சிடுவதற்குப் பதில் ஆற்றல் பல அதிர்வெண்களில் சிதறட்டும் என்று. எம்டி 520என் ஹெலிகாப்டர் டெயில் ரோட்டரையே தூக்கிவிட்டு வாலுக்குள் காற்றை ஊதுகிறது.

ஜெட்டில் பெரிய வேலையைப் பக்கவழிக் காற்று செய்துவிட்டது. ஏ320நியோவின் கியர் பூட்டிய பிராட் அண்ட் விட்னி என்ஜினில், எரியறைக்குள் போகும் காற்றைப் போல 12 மடங்கு வெளியே சுற்றிப் போகிறது. பீச்சுக் காற்று தணிந்ததும் விசிறி மேலே வந்தது. விசிறிப் பிளேடுகளின் எண்ணிக்கைக்கும் பின்னாலுள்ள நிலைத்தகடுகளின் எண்ணிக்கைக்கும் சரியான விகிதம் வைத்தால் சில சுருதிகள் குழாய்க்குள்ளேயே மடிந்துவிடும் என்று டைலரும் சோஃப்ரினும் 1962-இலேயே காட்டியிருந்தார்கள். மீதியைக் குழாய்ச் சுவரில் துளையிட்ட தேன்கூட்டு அடுக்கு விழுங்கும். போயிங் 787-இன் என்ஜின் கூட்டின் பின்விளிம்பில் தெரியும் ரம்பப் பற்கள், வெளிவரும் காற்றைப் பக்கத்துக் காற்றோடு மெதுவாகக் கலக்கவைக்கத்தான்.

படி 9: பறக்கும் விதத்தில் குறைப்பது

ஏற்கெனவே கையில் இருக்கும் ஹெலிகாப்டருக்குப் பிளேடு மாற்ற யாரும் பணம் தரமாட்டார்கள். ஆனால் பாதையை மாற்றலாம், இன்றைக்கே. பிளேடு–சுழல் மோதல் ஒரு குறிப்பிட்ட வேகமும் சரிவும் சேரும் இடத்தில்தான் உச்சம். அதைவிடச் செங்குத்தாகவோ தட்டையாகவோ இறங்கினால் சுழல் விலகிவிடும். படி 6-இன் அரைக்கோளங்கள் கையில் இருந்தால் எந்தச் சரிவு, எந்த வேகம் என்று வரைபடமே போட்டுவிடலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சரிவை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைத்தாலும் ரோட்டர் பின்னால் சாயும், காற்று அதன் ஊடே போகும் விதம் சரிவில் இறங்குவது போலவே மாறும். கணக்கு எளிது: ஈர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வேகத்தைக் குறைப்பது, 5.7 பாகைச் சரிவில் சீராக இறங்குவதற்குச் சமம். அதாவது சமதளமாகப் பறந்துகொண்டே விமானி வேகத்தைத் தணித்தால், இறங்கவே தொடங்காமல் 'டப் டப்' கிளம்பிவிடும். 6 பாகைச் சரிவைத் தவிர்க்கச் சொல்லி விமானியிடம் கொடுத்த பாதையில், வீடுகளுக்கு மேலே வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு வரி இருந்தால் எல்லாம் பாழ். வேகத்தை எங்கே குறைப்பது என்பதையும் வரைபடத்திலேயே குறியுங்கள், ஆளில்லாத இடத்துக்கு மேலே.

செங்குத்தான இறக்கத்துக்கும் எல்லை உண்டு. வேகம் குறைவாக, இறக்கம் வேகமாக இருந்தால் ரோட்டர் தன் சுழல் வளையத்துக்குள்ளேயே அமிழ்ந்து தூக்குவிசையை இழக்கும். என்ஜின் நின்றால் தப்பிக்கத் தேவையான உயரமும் வேகமும் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். சத்தக் கணக்கு காட்டும் மிக அமைதியான பாதை இந்த எல்லைகளுக்குள் விழவில்லையென்றால், அதற்கு அடுத்த பாதையை எடுங்கள். அதையும் அந்த ஹெலிகாப்டரை ஓட்டும் ஒருவரை உட்காரவைத்துக் காட்டிய பிறகுதான் பறக்கவிட வேண்டும்.